விண்டோஸ் டிஸ்க்ல இருக்குற ஃபைலை லினக்ஸ் மீடியா சர்வருக்கு பத்திரமா காப்பி பண்றது எப்படி

போன மாசம் பழைய லேப்டாப்போட 1 டிபி டிஸ்க்கை கழட்டி, ஜெல்லிஃபின் (வீட்டு மீடியா சர்வர் புரோகிராம்) ஓடுற என் டெபியன் லினக்ஸ் பெட்டில யுஎஸ்பி கேபிள் வழியா மாட்டினேன். அப்பா வருஷக்கணக்கா சேர்த்து வச்ச பாட்டு, அக்கா கல்யாண வீடியோ எல்லாம் அதுல இருந்த என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் டிஸ்க்ல ஃபைல் வைக்கிற முறை) பார்ட்டிஷன்லதான். ரெண்டு நாள் ஆச்சு, ஆனா ஒரு ஃபைல் விடாம எடுத்தாச்சு. கமாண்டை தமிழ்லயே எழுதறேன், அடிக்கிறப்ப இங்கிலீஷ் சின்ன எழுத்துல அடிங்க.

முதல்ல 'எல்எஸ்பிஎல்கே -எஃப்' அடிங்க, டிஸ்க், பார்ட்டிஷன் எல்லாம் காட்டும். என்டிஎஃப்எஸ்னு போட்டிருக்குற பார்ட்டிஷன் எதுன்னு பாத்துக்கோங்க, எனக்கு எஸ்டிபி2. அதைப் படிக்க உதவுற என்டிஎஃப்எஸ்-3ஜி பேக்கேஜ் இல்லன்னா போட்டுக்கோங்க. லினக்ஸ் கெர்னல் (சிஸ்டத்தோட மையப் பகுதி) 5.15ல இருந்து உள்ளயே என்டிஎஃப்எஸ்3 டிரைவர் இருக்கு, ஆனா இந்த வேலைக்கு நான் பழைய 3ஜியைத்தான் நம்புவேன்.

அடுத்தது மவுண்ட் (பார்ட்டிஷனை ஒரு ஃபோல்டர் மாதிரி திறக்கிறது), நான் சிக்கிக்கிட்ட இடம் இதுதான். விண்டோஸ் ஹைபர்னேட் ஆகியிருக்கு, ஒழுங்கா மவுண்ட் பண்ண முடியாதுன்னு மெசேஜ் வந்துச்சு. விண்டோஸ் 8ல வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்தான் காரணம், ஷட்டவுன் குடுத்தாலும் அது முழுசா அணையாது, கெர்னல் நிலைமையை ஹைபர்னேட் ஃபைல்ல எழுதி வச்சுட்டு தூங்கிடும். நெட்ல தேடினா அந்த ஃபைலை அழி, என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் (ரிப்பேர் கமாண்ட்) ஓட்டுன்னுதான் சொல்லுவாங்க. தயவுசெஞ்சு பண்ணாதீங்க. நமக்கு வேண்டியது படிக்க மட்டும்தான், அந்த டிஸ்க்ல ஒரு எழுத்து கூட எழுதத் தேவையில்ல. அதனால:

சூடோ மவுண்ட் -ஓ ஆர்ஓ /டெவ்/எஸ்டிபி2 /எம்என்டி/விண்டோஸ்

அந்த 'ஆர்ஓ' (படிக்க மட்டும்) போட்டதும் சண்டையில்லாம திறந்துச்சு. லேப்டாப் இன்னும் ஓடுதுன்னா கழட்டுறதுக்கு முன்னாடி ஷிஃப்ட்டை அழுத்திக்கிட்டே ஷட்டவுன் குடுங்க, அப்பதான் முழுசா அணையும், கடைசியா சேவ் பண்ணதும் டிஸ்க்ல வந்து சேரும்.

காப்பி பண்ண ஆர்சிங்க் (விட்ட இடத்துல இருந்து தொடரக்கூடிய காப்பி கமாண்ட்) மட்டும்தான், ஃபைல் மேனேஜர்ல இழுத்துப் போட்டா நடுவுல நின்னா எது வந்துச்சு எது வரலன்னே தெரியாது. டிமக்ஸ் (டெர்மினலை பின்னாடி ஓட விடுற புரோகிராம்) உள்ள போய் ஓட்டுங்க, எஸ்எஸ்ஹெச் (வேற கம்ப்யூட்டர்ல இருந்து சர்வருக்குள்ள போற இணைப்பு) அறுந்தாலும் காப்பி நிக்காது.

ஆர்சிங்க் -ஆர்டிவிஹெச் --சிஹெச்மாட்=டி755,எஃப்644 /எம்என்டி/விண்டோஸ்/பாட்டு/ /மீடியா/பாட்டு/

இதுல டி, எஃப் ரெண்டும் பெரிய எழுத்து. எல்லாரும் சொல்ற '-ஏ' வேணாம், அதை மட்டும் போட்டா விண்டோஸ் பக்கத்து 777 பெர்மிஷன் (யாரும் படிக்க, எழுத, ஓட்டலாம்) அப்படியே வந்து ஒட்டிக்கும். முதல் பாதையோட கடைசில இருக்குற சாய்கோட்டை விட்டுட்டா பாட்டுக்குள்ள இன்னொரு பாட்டு ஃபோல்டர் வந்துடும்.

இன்னொரு சிக்கல் தமிழ் பேர் வச்ச ஃபைலுக்கு மட்டும் வரும். அப்பா பாட்டு வரி, படம், பாடினவர் எல்லாத்தையும் தமிழ்ல ஃபைல் பேராவே வச்சிருந்தார், அதுல பதினொண்ணு 'பேர் ரொம்ப நீளம்'னு நின்னுடுச்சு. என்டிஎஃப்எஸ்ல பேருக்கு 255 எழுத்து வரைக்கும் இடம், லினக்ஸ் பக்கத்து எக்ஸ்ட்4ல 255 பைட். தமிழ்ல ஒவ்வொரு குறியும் 3 பைட், 'தமிழ்'ங்குறதே த, ம, இகரக் குறி, ழ, புள்ளின்னு 5 குறி, 15 பைட். அதனால 85 குறிதான் எல்லை. அந்த பதினொண்ணையும் 'சிபி' (சாதாரண காப்பி கமாண்ட்) போட்டு சின்ன பேர்ல ஒவ்வொண்ணா எடுத்தேன்.

முடிஞ்சதும் அதே பாதைகளோட 'ஆர்சிங்க் -ஆர்சிஎன்வி' ஓட்டுங்க, உள்ளடக்கத்தை ஒப்பிட்டு வித்தியாசம் இருக்குற ஃபைலை மட்டும் காட்டும், எதையும் மாத்தாது. எனக்கு அந்த பதினொண்ணு மட்டும்தான் வந்துச்சு. பழைய டிஸ்க்கை அதுக்கப்புறம்கூட ஒரு மாசம் அழிக்காதீங்க.

அப்டேட்: என்டிஎஃப்எஸ்க்கு பதிலா பிட்லாக்கர்னு (விண்டோஸ் டிஸ்க்குக்குப் போடுற பூட்டு) காட்டுதுன்னு ஒருத்தர் கேட்டிருந்தாங்க. கிரிப்ட்செட்டப் (பூட்டுன டிஸ்க்கைத் திறக்கிற லினக்ஸ் கமாண்ட்) 2.3 இல்ல அதுக்கு மேல இருந்தா 'சூடோ கிரிப்ட்செட்டப் ஓபன் --டைப் பிட்எல்கே /டெவ்/எஸ்டிபி2 பழசு' குடுத்து 48 இலக்க ரெக்கவரி கீயை ஹைஃபனோட அடிங்க. அப்புறம் எஸ்டிபி2க்கு பதிலா /டெவ்/மேப்பர்/பழசு, அதையும் 'ஆர்ஓ'லயே மவுண்ட் பண்ணுங்க.