செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்கச் செல்வோருக்கு

காலனிக் காலத்து எச்சங்களைத் தேடிப் புதுச்சேரிக்கோ தரங்கம்பாடிக்கோ போகிறவர், கடலோரத்துப் பழைய ஐரோப்பியர் குடியிருப்புக்குள் நடந்தாலே போதும். செட்டிநாட்டில் அப்படி ஒரு தெரு கிடையாது. பிரிட்டிஷ் ஆட்சி விரிந்த வழியில் பர்மா, இலங்கை, மலேயா என்று சென்று லேவாதேவித் தொழில் செய்த நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், அந்த வருவாயில் சொந்த ஊரில் எழுப்பிய வீடுகளே இங்குள்ள காலனிக் கால வரலாறு. அவை தனியார் வீடுகள் என்பதால், எதை எப்படிப் பார்ப்பது என்று தெரிந்துகொள்ளாமல் வருகிறவர் பூட்டிய கதவுகளைப் படமெடுத்துக்கொண்டு திரும்ப நேரிடும்.

தங்குவதற்குக் காரைக்குடி வசதியானது. சென்னையிலிருந்து வரும் பல்லவன் ரயில் அங்கேயே நின்றுவிடுகிறது; மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சாலை வழியே ஏறக்குறைய 90 கிலோமீட்டர். வெயில் தணிந்திருக்கும் நவம்பர் முதல் பிப்ரவரி வரையான மாதங்களே ஏற்றவை. ஊர்கள் சிதறிக் கிடப்பதால், பேருந்தை நம்பாமல் ஒரு நாளுக்கு வாடகைக் கார் அமர்த்திக்கொள்வது நல்லது.

காலையில் கானாடுகாத்தானில் தொடங்குங்கள். 1912இல் கட்டி முடிக்கப்பட்ட செட்டிநாடு அரண்மனையை வெளியிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கும். அதே ஊரிலும் ஆத்தங்குடியிலும் கட்டணம் பெற்றுக்கொண்டு உள்ளே அனுமதிக்கும் வீடுகள் இருக்கின்றன. காரைக்குடியில் 1941இல் கட்டப்பட்ட ஆயிரம் ஜன்னல் வீட்டையும் தெருவில் நின்றே பார்க்கலாம். பூட்டிய வீடுகள் பல கைவிடப்பட்டவை அல்ல. ஒரே வீடு பல புள்ளிகளுக்கு, அதாவது திருமணமானவர்களின் குடும்பங்களுக்கு, பொதுச் சொத்தாக இருப்பதும், அவர்கள் வெளியூர்களில் வாழ்ந்துகொண்டு திருமணத்துக்கும் முன்னோர் வழிபாடான படைப்புக்கும் மட்டும் வந்து கூடுவதும் இங்கு வழக்கம். எனவே யாரேனும் இருக்கும் வீட்டில் முதலில் அனுமதி கேளுங்கள். பூசை அறையைப் படமெடுக்காதீர்கள்.

உள்ளே போனதும் பொருள்களைப் பார்த்து மலைப்பதற்கு முன், வீட்டின் ஒழுங்கைக் கவனிப்பது பயன் தரும். முன்வாசலில் நின்றால் பின்வாசல் வரை பார்வை நேராக ஓடும். பல வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. திண்ணையும் முகப்பும் ஆண்கள் கணக்கெழுதிக் கொடுக்கல் வாங்கல் பேசிய இடம். அடுத்து வரும் வளவு என்னும் உள்கட்டில், வானம் பார்த்த முற்றத்தைச் சுற்றித் திருமணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை உண்டு. ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தாலும் உலை தனித்தனியே ஏறியது. அடுத்த கட்டுகள் பெண்களுடையவை. கடல் கடந்த ஆண்கள் ஆண்டுக்கணக்கில் திரும்பாத காலத்தில் வீட்டை நடத்தியவர்கள் பெண்களே என்பதால், அந்தப் பின்கட்டைப் பார்க்காமல் முகப்போடு திரும்பிவிடுவது வீட்டில் பாதியை விடுவதாகும்.

பிறகு பொருள்களுக்கு வரலாம். தூண்களும் கதவுகளும் பர்மாத் தேக்கு. தரையில் இத்தாலியப் பளிங்கு. சுவரில் பெல்ஜியம் கண்ணாடி. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய உள்ளூர்க் கொத்தர்களின் சுவர் இன்றும் வழவழப்பாகவே இருக்கிறது. முகப்பின் உச்சியில் கஜலட்சுமிக்குப் பக்கத்தில் ஆங்கிலேயச் சிப்பாய்களின் சுதை உருவங்களும் நிற்கும் வீடுகளைத் தேடிப் பாருங்கள். அந்தக் காலத்தின் கொடுக்கல் வாங்கலை அதைவிட வெளிப்படையாகச் சொல்லும் சான்று எனக்குத் தெரியவில்லை.

இந்தச் செல்வத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை வீழ்ந்து, கடனைத் திருப்பித் தர முடியாத பர்மிய விவசாயிகளின் நிலங்கள் கைமாறின. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவீதமாக இருந்த செட்டியார்களின் நிலவுடைமை 1937இல் 25 சதவீதமாயிற்று. 1942இல் ஜப்பானியப் படை நுழைந்ததும், பர்மா விடுதலை பெற்ற பின் நிலங்கள் நாட்டுடைமையானதும் அந்தத் தொழிலை முடித்துவைத்தன. வீடு கட்டும் வேகம் 1940களோடு ஏன் அடங்கியது என்பதற்கு இதுவே விடை.

ஆத்தங்குடியில் தரைக்கான ஓடுகள் செய்யும் பட்டறை ஒன்றில் அரைமணி நேரம் நில்லுங்கள். கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, நிறம் கலந்த சிமெண்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு அழுத்துகிறார்கள். சூளை கிடையாது, தண்ணீரில் ஊறவைப்பதும் உலர்த்துவதும்தான். பளபளப்பைத் தருவது அந்தக் கண்ணாடியே.

நேரம் இருந்தால் பிள்ளையார்பட்டி வழியாகத் திருப்பத்தூருக்குப் போய்வாருங்கள். ஆங்கிலேயரை எதிர்த்த மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24 அன்று தூக்கிலிடப்பட்ட ஊர் அது. வணிகத்தின் வழியாக மட்டும் காலனிக் காலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவது எனக்கு ஒப்பாது.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக உள்ளன. மங்குப் பாத்திரம், பித்தளைத் தூக்கு, பழைய படச்சட்டம் போன்ற சிறுபொருள்களைப் பேரம் பேசி வாங்கலாம். தூணும் கதவும் பெரும்பாலும் இடிக்கப்பட்ட வீடுகளிலிருந்து வருபவை. அவற்றை வாங்குவது மேலும் இடிக்கவே ஊக்கம் தரும். 100 ஆண்டுகளைக் கடந்த கலைப்பொருள்களை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லச் சட்டம் இடங்கொடுக்காது என்பதால், வெளிநாட்டில் வசிப்பவர்கள் பொருளின் வயதைக் கேட்டு, ரசீதில் எழுதி வாங்கிக்கொள்வது அவசியம்.