சுறா ஆய்வுப் படகில் தன்னார்வலராகச் சேர்வது எப்படி?

சுறாவைக் கையால் தொட்டுவிட வேண்டும் என்ற ஆசையில்தான் பலரும் விண்ணப்பிக்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் புதிதாக வருபவரால் ஆகும் பெரிய உதவி, பென்சிலும் கடிகாரமும் வைத்துக்கொண்டு செய்வதுதான்.

1. குழுவைத் தேர்ந்தெடுத்தல்

பஹாமாஸின் பிமினி தீவில் சுறா ஆய்வாளர் சாமுவேல் குரூபர் 1990இல் தொடங்கிய நிலையம், எலுமிச்சைச் சுறா ஆய்வுக்குப் பெயர் பெற்றது. அங்கே தன்னார்வலர்களுக்கு இடமுண்டு. இத்தகைய பல இடங்களில் தங்குவதற்கும் உணவுக்கும் நீங்களே பணம் கட்ட வேண்டும். கட்டுவதற்கு முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். சுறாவைப் பிடிக்க அனுமதி இருக்கிறதா? சேகரிக்கும் தரவு எந்த ஆய்வுக்குப் போகிறது? தெளிவான பதில் வராவிட்டால் அந்தக் குழு வேண்டாம்.

2. புறப்படும் முன்

கடல் பயணத்தில் குமட்டல் வருமென்றால், மருத்துவரைக் கேட்டுப் படகில் ஏறுவதற்கு முன்பே மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் பலன் குறைவு. நீளக்கைச் சட்டை, தொப்பி, நிறையக் குடிநீர். பென்சில்கள் கூடுதலாக இருக்கட்டும். நனையாத தாளில் பேனாவைவிட அதுதான் நன்றாக எழுதும்.

3. தூண்டில் போட்ட பிறகு

பல குழுக்கள் கனமான எடையைக் கடலடியில் இறக்கி, அதிலிருந்து நீண்ட தூண்டில் கயிறு விடுகின்றன. மாட்டிய சுறா வட்டமாக நீந்திக்கொண்டே இருக்க முடியும். நீந்தும்போது செவுள் வழியே ஓடும் நீரால்தான் பல சுறாக்கள் மூச்சு விடுகின்றன என்பதால் இந்த ஏற்பாடு. இருந்தாலும் தூண்டில்களைக் குறித்த நேரத்தில் போய்ப் பார்த்தே ஆக வேண்டும். வெயிலோ சோர்வோ அதைத் தள்ளிப்போடக் காரணமாகாது.

4. சுறா படகோரம் வந்ததும்

இனிமேல் ஒவ்வொரு நிமிடமும் அந்த உயிருக்குச் சொந்தமானது. முதலில் நேரத்தைக் குறியுங்கள். சுத்தியல் வடிவத் தலை கொண்ட கொம்பன் சுறாக்கள் இந்த அலைக்கழிப்பை மிகக் குறைவாகவே தாங்கும். அவை மாட்டினால் சில அளவுகளைக் கைவிட்டு உடனே விடுவிப்பதும் உண்டு. அது சரியான முடிவு என்பதே என் எண்ணம்.

தலைப்பக்கம் நிற்காதீர்கள். சுறாவின் எலும்புக்கூடு முழுவதும் குருத்தெலும்பு. வளைந்து தன் வால் பக்கத்தைக்கூடக் கடிக்க வல்லது. வாலிலிருந்து தலையை நோக்கித் தோலைத் தேய்த்தாலும் கை சிராய்த்துவிடும்.

மூக்கு நுனியிலிருந்து வாலின் தொடக்கம் வரை, வாலின் கவை வரை, வால் நுனி வரை என மூன்று நீளங்களை அளப்பவர் சொல்லுவார். நீங்கள் அதை உரக்கத் திருப்பிச் சொல்லி எழுத வேண்டும். 148 என்பது தாளில் 184 ஆகிவிட்டால், அதே சுறா பிறகு மீண்டும் மாட்டும்போது சுருங்கிவிட்டதாகக் கணக்குக் காட்டும். அதன் வளர்ச்சி பற்றிய தகவலே பாழ். அடுத்து, இடுப்புத் துடுப்புகளின் உள்பக்கம் இரண்டு நீண்ட உறுப்புகள் இருந்தால் ஆண், இல்லையேல் பெண். சுறாவை மீண்டும் அடையாளம் காண அதன் உடலில் பொருத்தும் சில்லின் எண்ணை ஒவ்வோர் இலக்கமாகப் படித்துச் சரிபாருங்கள். விடுவித்த நேரத்தையும் அது நீந்திப் போன விதத்தையும் எழுதுங்கள்.

5. கரை திரும்பியதும்

கருவிகளை நன்னீரில் கழுவுங்கள். அன்றைய தாள்களை அன்றே கணினியில் ஏற்றுங்கள். ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபார்ப்பது நல்லது. சந்தேகமான எண் இருந்தால் ஊகித்துத் திருத்தாமல், அளந்தவரிடமே கேளுங்கள். அவருக்கும் நினைவில்லை என்றால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.