மணமக்கள் பெயரில் ஒரு கெல்டிக் மெட்டு

கல்யாணத்தில் மணமக்கள் நடந்து வரும்போது வாசிக்க, அவர்கள் பெயரை வைத்தே ஒரு கெல்டிக் (அயர்லாந்து, ஸ்காட்லாந்து பாணி) மெட்டு கட்டலாம். ஆனால் பெயரின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு ஸ்வரம் வைக்கும் வித்தை காகிதத்தில்தான் அழகு. கேட்பவர் காதுக்கு அது எட்டாது, மெட்டும் கண்டபடி தாவும். அதைவிடப் பெயரின் குறில் நெடிலைப் பிடியுங்கள். ஆளின் பெயரில் மெட்டு கட்டுவது அயர்லாந்துக்குப் பழக்கமானதுதான்; யாழ்க் கலைஞர் டர்லோ ஓ காரலன் (1670–1738) தன்னை ஆதரித்தவர்கள் பெயரில் நிறையக் கட்டியிருக்கிறார்.

ஜிக் என்ற நடன மெட்டு 6/8 தாளம். ஒரு பாருக்கு, அதாவது தாளத்தின் ஒரு சுற்றுக்கு, ஆறு சிறு எண்ணிக்கை. ‘மாலதி’யைச் சொல்லிப் பாருங்கள்: மா 2, ல 1, தி-யை 3 நீட்டினால் ஒரு பார் நிறைந்துவிடும். ப‑ம‑க என்று இறக்கலாம். ‘கதிரவன்’ 1, 1, 1, 3. ச‑ரி‑க என்று ஏறி ப‑வில் நிற்கலாம். ‘கலா’ போலக் குறிலில் தொடங்கி நெடிலில் விழும் பெயருக்கு ஜிக் ஒட்டாது. ஸ்காட்லாந்தின் நடன மெட்டான ஸ்டிராத்ஸ்பேக்கு அந்தக் குட்டை‑நெட்டை வெட்டுதான் உயிர், அங்கே கொண்டுபோங்கள்.

வடிவத்தில் புதுமை வேண்டாம். முதல் பகுதி 8 பார், இரண்டு முறை, இரண்டாம் பகுதியும் அப்படியே, ஆக 32. ஒரு பெயர் முதல் பகுதியின் தொடக்கத்தில், மற்றது இரண்டாம் பகுதியின் தொடக்கத்தில், கடைசி 2 பாரில் இரண்டும் அடுத்தடுத்து. எல்லாப் பாரிலும் பெயரைத் திணித்தால் சலித்துவிடும்.

சங்கராபரணம், ஹரிகாம்போஜி, கரஹரப்ரியா, இந்த மூன்றின் ஸ்வரங்களே போதும். ஸ்காட்டிஷ் வாடைக்கு மோகனம். கமகம் வேண்டாம்; மேலிருந்து ஒரு சொடுக்கு, அதாவது ‘கட்’, பாருக்கு ஒன்று. 3 எண்ணிக்கை நீளும் ஸ்வரத்தில், மேலும் கீழும் ஒருமுறை தொட்டுத் திரும்பும் ‘ரோல்’ கச்சிதமாக உட்காரும். துணைக்கு கிடாரில் ச‑ப மட்டும் மீட்டுங்கள். காந்தாரம் சேர்ந்தால் வேறு பாட்டாகிவிடும்.

டி (D) சுருதியில் அமைந்த சிறு தகரக் குழலான டி விசிலில் டி‑க்குக் கீழே ஸ்வரம் கிடையாது. மெட்டு கீழ்ப் பஞ்சமத்தைத் தொட்டால் ஜி‑யை ஆதார சட்ஜமாக வையுங்கள். அப்போது மத்திமத்துக்கு, விசிலின் உச்சித் துளையைத் திறந்து அடுத்த இரண்டை மூடினால் சரி. ஸ்காட்லாந்தின் பைக் குழலான ஹைலேண்ட் பைப்புக்கு மொத்தமே 9 ஸ்வரம். சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது, சுருதியும் பி ஃபிளாட்டை ஒட்டியே நிற்கும். அதை விசிலோடு சேர்க்காமல் வெளியே தனியாக வாசிக்கவிடுங்கள்.

பெரும்பாலும் சொதப்புவது மணமக்கள் நடந்து வரும் நேரக் கணக்குதான். 20 மீட்டர் தூரத்துக்கு அரை மீட்டர் அடியாக 40 அடி. நிமிடத்துக்கு 60 அடி, பாருக்கு இரண்டு என்றால் 40 நொடி, 20 பார். மெட்டு இரண்டாம் பகுதியின் நடுவில் அந்தரத்தில் நிற்கும். அதனால் ஒவ்வோர் 8 பாரையும் சட்ஜத்தில் முடியுங்கள். ஆள் வந்து நின்றதும் வாசிப்பவருக்குச் சைகை காட்ட ஒருவர் வேண்டும். அந்தப் பகுதி முடிய அதிகம் போனால் 16 நொடி.