சிறுவர்களுக்கு ஃபேண்டஸி நாவல் எழுதிப் பதிப்பிப்பது எப்படி

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எட்டு, ஒன்பது வயதில் நீங்கள் துளிகூடச் சந்தேகம் இல்லாமல் நம்பிய கட்டுக்கதை எது?

எனக்கு அது லிஃப்ட். நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் மூன்றாவது மாடியைத் தாண்டியதும் லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கும். அங்கே பட்டன் இல்லாத ஒரு மாடி இருக்கிறது, அதில் ஆட்கள் வாழ்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் மெக்கானிக் வந்து குலுக்கலைச் சரிசெய்துவிட்டுப் போனபோது, அந்த ஆட்கள் இனி எப்படி வெளியே வருவார்கள் என்று அழுதேன். என் முதல் நாவல் முழுக்க அந்த மாடியில்தான் நடக்கிறது.

டிராகன், மந்திர வாள், சாபம் வாங்கிய இளவரசன் எல்லாம் படித்த புத்தகங்களிலிருந்து தானாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். வரட்டும், தப்பில்லை. ஆனால் கதையின் நடுவில் உங்களுடைய பழைய பயமோ ஆசையோ ஒன்று இருக்க வேண்டும். அது இல்லாத கைப்பிரதி பத்துப் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது, மாயத்துக்குச் சட்டம் எழுதுவது. ஒரு நோட்டை எடுத்து மூன்று விஷயங்களை எழுதிவையுங்கள்: இந்த மாயம் யாருக்குக் கைகூடும், எதை அதனால் செய்யவே முடியாது, செய்தால் என்ன விலை. மூன்றாவதில்தான் கதை இருக்கிறது. என் லிஃப்ட் அந்த மாடியில் நிற்க வேண்டுமென்றால், ஏறுகிறவர் ஒரு ஞாபகத்தைக் கட்டணமாகக் கொடுக்க வேண்டும். முதல் தடவை என் நாயகி ஒரு கணக்குப் பரீட்சையின் ஞாபகத்தைக் கொடுத்துத் தப்பிக்கிறாள். போகப்போகக் கொடுப்பதற்கு நல்ல ஞாபகங்கள் மட்டுமே மிஞ்சுகின்றன. சட்டத்தை நடுவில் தளர்த்தாதீர்கள். பெரியவர்கள் மன்னித்துவிடுவார்கள், பத்து வயதுக்காரர்கள் மன்னிக்கமாட்டார்கள்.

வரைபடம் தேவைப்படும் கதையாக இருந்தால் எழுதுவதற்கு முன்பே வரைந்துவிடுங்கள். 1881இல் ஸ்டீவன்சன் தன் வளர்ப்பு மகனோடு பொழுதுபோக்காக ஒரு தீவை வரைந்து வண்ணம் தீட்டப்போய், அதிலிருந்துதான் அவருடைய புதையல் தீவுக் கதை பிறந்தது. பிறகு புத்தகத்துக்காக அனுப்பிய அந்தப் படம் காணாமல் போய்விட்டது. எழுதி முடித்த கதையைப் புரட்டிப் புரட்டி, அதற்குப் பொருந்துகிற மாதிரி மறுபடி வரைய வேண்டியிருந்தது. அது எவ்வளவு சலிப்பான வேலை என்று அவரே எழுதியிருக்கிறார்.

நாயகனின் வயது, வாசகரின் வயதைவிட ஓரிரு வருடம் கூடுதலாக இருக்கட்டும். குழந்தைகள் தங்களைவிடச் சற்றுப் பெரியவர்களைப் பற்றித்தான் படிக்க விரும்புவார்கள். பெற்றோரை எப்படியாவது கதையிலிருந்து ஓரங்கட்டுங்கள். அதற்காகக் கொல்ல வேண்டியதில்லை, அனாதைகள் ஏற்கெனவே ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள். என் கதையில் அம்மாவுக்கு இரவு ஷிஃப்ட், அவ்வளவுதான். கடைசிச் சிக்கலை அவிழ்ப்பது குழந்தையாக இருக்க வேண்டும். தாத்தா வந்து மந்திரம் சொல்லி முடித்துவைத்தால் புத்தகத்தைச் சுவரில் எறிவார்கள்.

முதல் வரைவு முடிந்ததும் சத்தமாகப் படியுங்கள், முடிந்தால் சொந்தக்காரர் அல்லாத பிள்ளைகளிடம். "பிடிச்சிருக்கா?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். எந்த இடத்தில் நெளிகிறார்கள் என்று மட்டும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். என்னிடம் ஒரு பையன் கேட்டான்: "மறந்ததே அவளுக்கு மறந்துபோச்சுன்னா, அவ எதுக்கு அழணும்?" பதில் சொல்லத் தெரியவில்லை. அப்புறம்தான் நாயகி ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் தான் கொடுக்கப்போகும் ஞாபகத்தை ஒரு டைரியில் எழுதிவைக்கிறாள் என்று மாற்றினேன். தன் கையெழுத்தில் இருப்பதைத் தானே நம்ப முடியாமல் அவள் படிக்கும் அத்தியாயத்தைத்தான் இப்போது எல்லோரும் குறிப்பிட்டுச் சொல்கிறார்கள். டோல்கீனின் முதல் சிறுவர் நாவலான 'தி ஹாபிட்'டைக்கூட பதிப்பாளர் அன்வின் தன் பத்து வயது மகனிடம்தான் முதலில் கொடுத்தார். பையன் ஒரு ஷில்லிங் கூலி வாங்கிக்கொண்டு நல்லபடியாக அறிக்கை எழுதினான். 1937இல் புத்தகம் வந்தது.

சரி, பதிப்பகத்துக்கு வருவோம். நாவலை முழுக்க முடிக்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள். முதல் புத்தகக்காரரின் பாதி நாவலை நம்பி யாரும் ஒப்பந்தம் போடமாட்டார்கள். பெரும்பாலும் கேட்பது முதல் மூன்று அத்தியாயம், ஒன்றிரண்டு பக்கக் கதைச்சுருக்கம், ஒரு சிறிய கடிதம். சுருக்கத்தில் முடிவையும் சொல்லிவிடுங்கள். "மீதியை வெள்ளித்திரையில் காண்க" வேலையெல்லாம் எடிட்டரிடம் எடுபடாது. கடிதத்தில் எந்த வயதினருக்கானது, எவ்வளவு நீளம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்கான ஃபேண்டஸி, ஆங்கிலத்தில் சுமார் 40,000 முதல் 70,000 சொற்கள் வரை போகும். தமிழில் உருபுகள் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் அதே கதை குறைந்த சொற்களில் அடங்கிவிடும். ஓவியரை நீங்கள் தேடி அலைய வேண்டாம், வழக்கமாக அது பதிப்பகத்தின் வேலை.

உங்கள் சார்பில் பதிப்பகத்தோடு பேசும் ஏஜென்ட் மூலம் போவதாக இருந்தால், உள்நாட்டு விற்பனையில் 15 சதவீதமும் மொழிபெயர்ப்பு உரிமைகளில் 20 சதவீதமும் கமிஷன் எடுப்பது பரவலான வழக்கம். அதுவும் உங்களுக்குப் பணம் வந்த பிறகுதான். படித்துப் பார்க்கவே கட்டணம் கேட்கும் ஏஜென்டிடமிருந்தும், அச்சுச் செலவை உங்கள் தலையில் கட்டிவிட்டுத் தன்னைப் பதிப்பகம் என்று சொல்லிக்கொள்பவரிடமிருந்தும் விலகிவிடுங்கள். என்னிடமும் ஒருவர் அப்படி வந்தார், பாராட்டு மழை பொழிந்துகொண்டே. சொந்தச் செலவில் போடுவது வேறு விஷயம். அதைத் தெரிந்தே செய்யலாம், உரிமையும் லாபமும் உங்களிடமே இருக்கும்.

ஒப்பந்தம் வந்ததும் சந்தோஷத்தில் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். ராயல்டி, அதாவது விற்கும் பிரதிகளில் உங்களுக்கு வரும் பங்கு, அட்டை விலையிலா, பதிப்பகத்துக்குக் கிடைக்கும் நிகரத் தொகையிலா என்று பாருங்கள். சதவீதம் ஒன்றாகவே இருந்தாலும் கைக்கு வருவது வேறாகிவிடும். முன்பணம் கொடுத்தால், அது கழிந்த பிறகே ராயல்டி தொடங்கும். ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்பட உரிமைகள் தனித்தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கின்றனவா, புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் உரிமை உங்களிடம் எப்போது திரும்பும் என்பதையும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஃபேண்டஸி எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு வரி, அடுத்த புத்தகத்தை முதலில் அவர்களுக்கே காட்ட வேண்டும் என்ற நிபந்தனை. அது அதே தொடரின் அடுத்த பாகத்தோடு நிற்கிறதா, நீங்கள் எழுதப்போகும் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்கிறதா என்று பார்த்து, முதல் வகையாக மாற்றச் சொல்லுங்கள். நான் கேட்டேன், மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள்.