லோர் என்று எழுதியிருந்தால் லோர் ஆகிவிடாது: அபூர்வ மாண்டலின் வாங்குவோர் செய்யும் தவறுகள்

சில மாதங்களுக்கு முன் நண்பர் ஒருவர் ஒரு மாண்டலினின் தலைப்பகுதியைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். சிப்பி பதித்த எழுத்தில் ‘தி லோர்’ என்று இருந்தது. கூடவே, “கிடைச்சிடுச்சு! பாதிக்குப் பாதி விலைதான் சொல்றான்” என்று ஒரு செய்தி. அவரை ஏமாற்றத்துக்கு ஆளாக்க எனக்கு இரண்டு நிமிடம் ஆனது. ‘தி லோர்’ என்பது நம் காலத்தில் சீனாவில் செய்து விற்கப்படும் ஒரு பிராண்டின் பெயர். வாத்தியத்தில் பழுதில்லை, கொடுத்த காசுக்கு வாசிக்கலாம். ஆனால் லாய்ட் லோர் என்ற மனிதர் அதைத் தொட்டதே இல்லை.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் இருந்த கிப்சன் வாத்தியக் கம்பெனியில் லோர் 1919 முதல் 1924 வரை ஒலியியல் பொறியாளராக வேலை பார்த்தார். வயலின் போல இரண்டு ‘எஃப்’ துளைகள் வைத்த எஃப்-5 மாண்டலின் அப்போதுதான் பிறந்தது. 1922 ஜூன் தொடங்கி 1924 டிசம்பர் வரை, தான் சோதித்த வாத்தியங்களின் உள்ளே தேதி போட்ட லேபிளில் அவர் கையெழுத்திட்டார். அப்படிக் கையெழுத்தான எஃப்-5 சில நூறுதான். வேடிக்கை என்னவென்றால், அன்று அதை யாரும் ‘லிமிடெட் எடிஷன்’ என்று விற்கவில்லை. கேட்லாக்கில் இருந்த சாதாரண மாடல்தான். மாண்டலின் மோகம் வடிந்துபோன காலம் என்பதால் அதிகம் விற்கவில்லை, அதனால்தான் அபூர்வமானது.

அபூர்வம் என்பதும் லிமிடெட் எடிஷன் என்பதும் வேறு வேறு. இதைக் கலந்து பார்ப்பதுதான் முதல் தவறு. ஒரு கம்பெனி இருபத்தைந்து மட்டும் செய்து எண் போட்டாலும் லிமிடெட் எடிஷன்தான். ஒரு கடைக்காரர் தன் கடைக்கென்று வேறு நிறத்தில் பத்து செய்து வாங்கினாலும் அதே பெயர்தான். வழக்கமான மாடலுக்கும் இதற்கும் மரத்தில், செய்முறையில், செய்தவர் கையில் என்ன வித்தியாசம் என்று கேளுங்கள். பதில் நிறத்தோடும் லேபிளோடும் நின்றுவிட்டால், கூடுதல் பணம் போவதும் அவற்றுக்குத்தான்.

லோர் பெயரை ஒட்டிய பொறிகள் இன்னும் சில உண்டு. ‘லோர் காலத்தது’ என்று விற்பவர் சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. 1923-ஐ ஒட்டி வந்த, துளி வடிவ உடலும் மேலே போகப்போகக் குறுகும் தலைப்பகுதியும் கொண்ட ஏ-2 போன்ற ‘ஏ’ வகை மாண்டலின்களைப் பாம்புத்தலை என்பார்கள். அருமையான வாத்தியங்கள். ஆனால் முட்டை வடிவத் துளை, வேறு உள்ளமைப்பு, லோர் கையெழுத்து கிடையாது. ஏ வடிவத்தில் அவர் கையெழுத்திட்டதாகத் தெரியவந்திருப்பது ஒரே ஒரு ஏ-5. அப்புறம் எஃப்-5எல். இது 1978-இல் கிப்சன் தன் பழைய அளவுகளுக்குத் திரும்பிச் செய்த மாடல். அந்த ‘எல்’ லோரை நினைவுபடுத்தும் எழுத்து, அவ்வளவுதான். லோர் போன பிறகும் எஃப்-5 வந்துகொண்டிருந்தது, கையெழுத்து இல்லாமல். அவற்றிலும் மிக நல்லவை உண்டு. விலைதான் வேறு வரிசை.

ஜப்பானியப் பிரதிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1970-களின் ஜப்பான் மாண்டலின் எதைப் பார்த்தாலும் ‘வழக்குக் காலத்தது’ என்று விலை ஏற்றுவார்கள். 1977-இல் ஐபனெஸ் என்ற ஜப்பானிய பிராண்டின் வாத்தியங்களை அமெரிக்காவில் விற்ற கம்பெனி மேல் கிப்சன் தரப்பு போட்ட அந்த வழக்கு, தலைப்பகுதியின் வடிவத்தைப் பற்றியது. மரத்தின் தரத்துக்கோ நாதத்துக்கோ அது சான்றிதழ் ஆகாது.

சரி, லேபிள் இருக்கிறது, கையெழுத்தும் இருக்கிறது. போதுமா? போதாது. லேபிள் வெறும் காகிதம். ஒரு வாத்தியத்திலிருந்து பெயர்த்து இன்னொன்றில் ஒட்டலாம், புதிதாக அச்சடிக்கலாம். அசல் எஃப்-5-இல் இரண்டு லேபிள்கள் இருக்கும்: மாடலும் வரிசை எண்ணும் சொல்வது ஒன்று, லோர் கையெழுத்திட்டது இன்னொன்று. இவை தவிர, கழுத்து உடலோடு சேரும் உள்கட்டையில் தொழிற்சாலையின் ஆர்டர் எண் முத்திரையாகக் குத்தப்பட்டிருக்கும். பல் மருத்துவர் வாய்க்குள் விட்டுப் பார்ப்பாரே, அந்தச் சின்னக் கண்ணாடியும் ஒரு பேனா டார்ச்சும் இருந்தால் துளை வழியாகத் தேடிப் பார்க்கலாம். மூன்றும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். மரமும் அதையே சொல்ல வேண்டும்: கழுத்து 15-ஆவது ஃப்ரெட்டில் (விரல்பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) உடலைச் சேர்கிறதா, மேல்பலகையின் அடியில் நீளவாக்கில் இரண்டு கட்டைகள் ஓடுகின்றனவா? வரிசை எண்ணும் தேதியும் ஒழுங்காக ஏறுமுகத்தில் போகவில்லையே என்று மட்டும் பதற வேண்டாம். எண் போட்ட நாளும் கையெழுத்திட்ட நாளும் ஒன்றல்ல. லோர் ஒரே நாளில் பல வாத்தியங்களுக்கும் கையெழுத்திட்டிருக்கிறார். ஒப்பிட்டுப் பார்க்க ‘மாண்டலின் ஆர்க்கைவ்’ என்ற இணையப் பதிவேட்டில் எண்வாரியாகப் படங்கள் கிடைக்கும்.

தேய்மானத்தை வைத்து வயது சொல்வது அடுத்த தவறு. கை படும் இடத்தில் வார்னிஷ் போய், ஓரமெல்லாம் அடிபட்டு இருப்பதால் மட்டும் நூறு வயது என்று முடிவுகட்டாதீர்கள். 2000-களில் கிப்சனே புத்தம்புது மாண்டலினைப் பழையதுபோல் தேய்த்துக் கீறி, ‘டிஸ்ட்ரெஸ்டு மாஸ்டர் மாடல்’ என்று கூடுதல் விலைக்கு விற்றது. வெளிப்படையாகச் செய்ததால் அதில் குற்றமில்லை. இரண்டு கை மாறிய பிறகு விளம்பரத்தில் அந்த ‘டிஸ்ட்ரெஸ்டு’ உதிர்ந்துபோவதுதான் ஆபத்து. உண்மையான தேய்மானம் வாசித்த கையின் பாதையில் இருக்கும்: முழங்கை உரசும் விளிம்பு, சுண்டுவிரல் ஊன்றும் இடம், கழுத்தின் முதல் சில ஃப்ரெட்களுக்குப் பின்புறம். புறஊதா விளக்கை இருட்டில் பிடித்தால் பழைய பூச்சும் பிற்காலத்தில் அடித்த பூச்சும் வெவ்வேறாக மின்னும்.

பழுது பார்த்தது என்றாலே ஒதுக்கிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு, ‘புளூகிராஸ்’ என்ற அமெரிக்க நாட்டுப்புற இசை வகையின் தந்தை எனப்படும் பில் மன்றோவின் மாண்டலினைத்தான் காட்ட வேண்டும். 1923 ஜூலை 9 தேதியிட்ட எஃப்-5, எண் 73987. மயாமியில் ஒரு முடிதிருத்தும் கடையில் 150 டாலருக்கு வாங்கினார். பின்னாளில் கம்பெனி மேல் வந்த கோபத்தில் தலைப்பகுதியிலிருந்த ‘கிப்சன்’ என்ற பெயரைக் கத்தியால் சுரண்டி எடுத்தார், ‘தி’ மட்டும் மிஞ்சியது. 1985-இல் வீட்டுக்குள் புகுந்த யாரோ அதை அடித்து நொறுக்க, கிப்சனில் சார்லி டெரிங்டன் சில்லு சில்லாகப் பொறுக்கி ஒட்டிக் கொடுத்தார். உலகிலேயே புகழ்பெற்ற மாண்டலின் அதுதான்! ஆனால் இதே கதையைச் சொல்லி, மறுபூச்சு அடித்த வாத்தியத்தை அசல் விலைக்குத் தள்ளப் பார்ப்பார்கள். மன்றோ வாசித்ததற்கு மட்டும்தான் அந்தச் சலுகை. ‘அதே ஜூலை 9’ என்ற தேதிக்காக விலை ஏற்றும்போதும் இதை நினைவில் வையுங்கள். அந்தத் தேதியில் ஒன்றல்ல, பல உண்டு.

நம் ஊர்க்காரர்கள் செய்யும் தவறு ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம்மில் பலருக்கு மாண்டலின் என்றால் யு. ஸ்ரீநிவாஸ். அவர் வாசித்தது ஒற்றைத் தந்திகள் ஐந்து பூட்டிய எலெக்ட்ரிக் மாண்டலின். எஃப்-5-இல் நான்கு ஜோடி, எட்டுத் தந்தி, இறுக்கம் அதிகம். இரண்டு தந்தியை ஒன்றாக இழுத்து கமகம் கொண்டுவர முயன்றால் விரல் நுனி சொல்லும் செய்தியே வேறு. எஃப்-5-இன் குரல் வெட்டி வெட்டி விழும் புளூகிராஸ் தாளத்துக்கு வாய்த்தது. கீர்த்தனை வாசிக்க நினைப்பவர் எவ்வளவு அபூர்வமான எஃப்-5 வாங்கினாலும் தோடி அங்கே முரண்டு பிடிக்கும்.

நூற்றில் எத்தனையாவது என்ற எண்ணைப் பார்ப்பவர்கள் கழுத்தைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். கழுத்தும் தலைப்பகுதியும் சேருமிடத்தில் தந்திகளைத் தாங்கும் ‘நட்’டின் அகலம் 28.5 மில்லிமீட்டரா 30-ஆ என்பது கேட்க அற்பமாக இருக்கும், தடித்த விரல்காரருக்கு அதுதான் எல்லாம். பழைய விரல்பலகை தட்டை, இன்று பலவற்றில் லேசான வளைவு உண்டு. உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் நிற்கும் இடத்தில் மேல்பலகை உள்வாங்கியிருக்கிறதா என்று பக்கவாட்டில் கண் வைத்துப் பாருங்கள். விரல் கணுவால் மெல்லத் தட்டினால் சலசலப்பு வரக்கூடாது, வந்தால் உள்ளே ஏதோ ஒட்டு விட்டிருக்கிறது. பழைய வாத்தியங்களில் விலங்குப் பசைதான் ஒட்டு. மே மாதச் சென்னையில் வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மதியம் வைத்தால் போதும், மூட்டு பிரிந்துவிடலாம்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் மரத்தின் பெயரைக் கேட்க வேண்டும். பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, அனுமதிக் காகிதம் இல்லாமல் எல்லை தாண்டக்கூடாது. மார்ட்டின் கம்பெனியின் பழைய குடவயிற்று மாண்டலின்களில் அந்த மரம் உண்டு. பழைய இத்தாலிய மாண்டலின்களில் ஆமை ஓட்டில் செய்த தகடு பதித்திருப்பார்கள், அதற்கு நம் வனவிலங்குச் சட்டமும் சேர்ந்துகொள்ளும்.

அமெரிக்கக் கடைகள் பல, வாங்கி ஓரிரு நாள் வாசித்துப் பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்று சொல்லும். மதுரையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது உதவாது. அந்தப் பக்கம் உறவினர் யாராவது இருந்தால் நேரில் போகச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாதவராக இருந்தாலும் பரவாயில்லை, பல் மருத்துவர் கண்ணாடி ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.