டாலஸுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்களா? வீட்டு ஏசியை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

சென்னையிலிருந்து வருகிறவருக்கு வெயிலைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த ஊர் ஏசியைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் ஊரில் கரண்ட் பில்லுக்குப் பயந்து நாம் பழகிய சிக்கனங்களில் சில இங்கே மெஷினுக்கே கேடு. ஃபிரிஸ்கோ, பிளேனோ, இர்விங் பக்கம் புதிதாகக் குடிவருகிறவர்கள் அநேகமாக எல்லோருமே ரூமுக்குள் குளிர்காற்று வரும் துவாரமான வென்ட்டைப் பற்றிக் கேட்பது இதுதான்: "ஆளில்லாத ரூமுக்கு எதுக்கு ஏசி, அந்த வென்ட்டை மூடிடலாமா?"

மூடாதீர்கள். நானும் முதல் கோடையில் மூன்று ரூம் வென்ட்டை மூடிவிட்டு தெர்மோஸ்டாட்டை 68-க்கு (இங்கே எல்லாம் ஃபாரன்ஹீட் கணக்கு) இறக்கினேன். சில நாளில் காற்று வருவதே குறைந்துபோனது, ஹால்வே கூரையில் ஈரக்கறை படர்ந்தது, அட்டிக்கில், அதாவது கூரைக்கடியில் இருக்கும் பரணில், ஏறிப் பார்த்தால், காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளான காயில் முழுக்க ஐஸ் கட்டியிருந்தது.

ஏன் என்றால், ஊரில் ரூமுக்கு ஒரு ஸ்ப்ளிட் ஏசி, இங்கே வீடு முழுமைக்கும் ஒன்று. பெரிய வீடாக இருந்தால் மாடிக்குத் தனியாக இன்னொன்று இருக்கும். ஏசி குளிரை உண்டாக்குவதில்லை, வீட்டுக்குள் இருக்கும் சூட்டை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. ஹால்வேயில் இருக்கும் பெரிய ரிட்டர்ன் வென்ட் வழியாக வீட்டுக் காற்றை உறிஞ்சி, ஃபில்டரில் வடிகட்டி, குளிர்ந்த காயில் மேல் ஓடவிட்டு, டக்ட் வழியாக எல்லா ரூமுக்கும் திருப்பி அனுப்புகிறது. காயிலுக்குள் ஓடும் கேஸ் அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே நிற்கும் யூனிட்டுக்குப் போகிறது, அங்கே கம்ப்ரஸர் அழுத்த, ஃபேன் ஊத, சூடு வெளியேறுகிறது. எத்தனை டன், எவ்வளவு காற்று என்பதெல்லாம் முழு வீட்டுக்கும் கணக்குப் போட்டு வைத்தது. நீங்கள் வென்ட்டை மூடினால் காயிலுக்குக் காற்று போதாமல் அது உறைநிலைக்குக் கீழே போகும், மேலே படியும் தண்ணீர் ஐஸாகும், அந்த ஐஸ் மிச்சக் காற்றையும் அடைக்கும். அப்படி ஆகிவிட்டால் தெர்மோஸ்டாட்டில் 'கூல்' என்பதை அணைத்துவிட்டு ஃபேனை மட்டும் 'ஆன்'-இல் விட்டு ஐஸ் முழுக்க உருகும்வரை காத்திருங்கள். ஐஸோடு ஓட்டினால் கம்ப்ரஸருக்கே ஆபத்து, அதை மாற்றுவது பெரிய செலவு.

தெர்மோஸ்டாட் பற்றி ஒன்று. 60-இல் வைத்தால் சீக்கிரம் குளிராது, அதே வேகத்தில்தான் குளிரும், ஆனால் நிற்காமல் ஓடும். 78 டிகிரி என்பது நம் கணக்கில் ஏறக்குறைய இருபத்தைந்தரை, சீலிங் ஃபேனும் சுற்றினால் தாராளமாகப் போதும். ஆபீஸ் போகும்போது முழுக்க அணைக்காமல் 83-க்கு ஏற்றிவிட்டுப் போங்கள். தெர்மோஸ்டாட்டில் இருக்கும் ஏசி ஃபேன் ஸ்விட்ச் 'ஆட்டோ'விலேயே இருக்கட்டும். எப்போதும் 'ஆன்' என்றால் காயிலில் பிடித்த ஈரத்தையே அது திரும்ப வீட்டுக்குள் ஊதிவிடும். ஈரத்தை எடுப்பது ஏசியின் பாதி வேலை. 1902-இல் வில்லிஸ் கேரியர் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக இதை வடிவமைத்ததே, காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி வண்ணங்கள் விலகுவதைத் தடுக்கத்தான்.

இன்னொன்று, வெளியே 105 அடிக்கிற நாளில் ஏசி மத்தியானம் முழுக்க நிற்காமல் ஓடினால் பதற வேண்டாம். 2011-இல் இங்கே 71 நாள் நூறைத் தொட்டது. அந்த மாதிரி வெயிலில் வைத்த டிகிரிக்கு ஒன்றிரண்டு மேலே நிற்பது கோளாறு இல்லை.

இனி ஃபில்டர். ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். நம் வீட்டில் தினமும் தாளிப்பு, வெள்ளி செவ்வாய் சாம்பிராணி; பல வீடுகளில் அடுப்புக்கு மேலே இருக்கும் மைக்ரோவேவ் ஃபேன் புகையை வெளியே தள்ளாமல் அடுக்களைக்குள்ளேயே திருப்பி விடுகிறது, அந்த எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் கடைசியில் ஃபில்டரில்தான் போய் ஒட்டும். அதனால் பாக்கெட்டில் மூன்று மாதம் என்று போட்டிருந்தாலும் கோடையில் மாதம் ஒருமுறை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், வெளிச்சம் தெரியவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். 16x25x1 என்பது போல அளவு ஃபில்டரின் ஓரத்திலேயே அச்சிட்டிருக்கும். அம்புக்குறி உள்பக்கம், அதாவது மெஷினைப் பார்த்து இருக்க வேண்டும். விலை கூடியதுதான் நல்லது என்று நினைத்து ஓர் அங்குல ஃபில்டரில் மெர்வ் 13 வாங்காதீர்கள் (மெர்வ் என்பது ஃபில்டர் எவ்வளவு நுண்ணிய தூசியைப் பிடிக்கும் என்று காட்டும் எண்), பல சிஸ்டங்களில் அது காற்றை ரொம்பத் தடுக்கும். மெர்வ் 8 போதும், பிள்ளைகளுக்கு அலர்ஜி இருந்தால் 11 வரை போகலாம்.

அப்புறம் தண்ணீர். காயிலில் வடியும் தண்ணீர் ஒரு வெள்ளை பிவிசி குழாய் வழியாகப் போகிறது, அதில் பாசி பிடித்து அடைத்துக்கொள்ளும். அட்டிக்கில் யூனிட் பக்கத்தில் மூடி போட்ட, ஆங்கில T வடிவத்தில் ஒரு குழாய் இருக்கும், கோடையில் மாதம் ஒரு கப் வெள்ளை வினிகரை அதில் ஊற்றினால் அடைக்காது. அதிகாலையிலேயே ஏறி இறங்கிவிடுங்கள், மத்தியானம் அட்டிக் அடுப்பாகக் கொதிக்கும். பல வீடுகளில் ஜன்னலுக்கோ வாசலுக்கோ மேலே, வெளிச்சுவரில், ஒரு சின்னக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் தண்ணீர் சொட்டினால் மெயின் குழாய் அடைத்துவிட்டது என்று அர்த்தம், கண்ணில் படுவதற்காகவே அதை அங்கே வைத்திருக்கிறார்கள்.

வெளி யூனிட்டைச் சுற்றி இரண்டு அடி காலியாக விடுங்கள். புல் வெட்டிய தூசி ஒட்டியிருந்தால், சுவரில் இருக்கும் ஸ்விட்ச் பெட்டியில் கரண்டை நிறுத்திவிட்டுத் தோட்டக் குழாயால் மெதுவாகக் கழுவலாம், பிரஷர் வாஷர் வேண்டாம். யூனிட் உறுமுகிறது ஆனால் ஃபேன் சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் மோட்டாரைக் கிளப்பும் கெப்பாசிட்டர் போயிருக்கும். சின்னப் பாகம்தான், ஆனாலும் கரண்டை நிறுத்திய பிறகும் அதில் மின்சாரம் தேங்கியிருக்கும், கை வைக்காதீர்கள்.

"கேஸ் குறைஞ்சிருக்கு, ரொப்பிடலாம்" என்று ஊரில் வருஷா வருஷம் கேட்டுப் பழகிவிட்டோம். கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகாது, மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்தால் எங்கோ ஓட்டை என்றுதான் பொருள், அந்த ஓட்டை எங்கே என்று கேளுங்கள். பழைய வீடு வாங்குகிறவர்கள் அது ஆர்-22 என்ற பழைய கேஸில் ஓடும் சிஸ்டமா என்று யூனிட்டின் லேபிளில் பாருங்கள். அந்த கேஸின் உற்பத்தி அமெரிக்காவில் 2020 தொடக்கத்திலேயே நின்றுவிட்டது, சரிசெய்யும் செலவு கையைக் கடிக்கும். வருகிற ஆள் டெக்சஸ் லைசென்ஸ் வைத்திருப்பவரா என்பதையும் பாருங்கள், வண்டியிலும் பில்லிலும் டிஏசிஎல் (TACL) என்று தொடங்கும் எண் இருக்க வேண்டும். செக்கப்பை மார்ச், ஏப்ரலிலேயே முடித்துவிடுங்கள், ஜூலையில் ஆள் கிடைப்பது கஷ்டம்.

வாடகை வீடு என்றால் ஃபில்டர் மாற்றுவது யார் பொறுப்பு என்று லீஸில் படித்துப் பாருங்கள். ஏசி நின்றுபோனால் போனில் சொன்னதோடு விடாமல் அன்றைக்கே எழுத்திலும் கொடுங்கள், வாடகை பாக்கி வைக்காதீர்கள். உங்கள் பக்கம் பிடி இருக்க வேண்டும் என்றால் இந்த இரண்டும் தேவை. கைக்குழந்தையோ ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவோ வீட்டில் இருந்தால், ஏசி சரியாகும்வரை அவர்களைப் பக்கத்து நண்பர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். "ஒரு ராத்திரிதானே, சமாளிச்சுக்கலாம்" என்று அவர்கள் சொன்னாலும் கேட்காதீர்கள்.