பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே ஒரு பதில்

காலையில் குழித்துறையில் ரயில் ஏறி, கழக்கூட்டத்தில் இறங்கி, டெக்னோபார்க்குக்குப் போவது என் பன்னிரண்டு வருட வழக்கம். உட்கார இடம் கிடைத்துவிட்டால் வேலைத் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் தளத்தின் இன்பாக்ஸைத் திறப்பேன். நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருக்கிறேன். ஆள் எடுக்கிற அதிகாரம் எதுவும் என்னிடம் இல்லை. ஆனாலும் மார்த்தாண்டம் சுற்றுவட்டாரத்து இன்ஜினியரிங் காலேஜ் பிள்ளைகளிடமிருந்து வாரத்துக்கு ஏழெட்டு மெசேஜ் வந்துவிடும். அதில் பாதி "ஹாய் மேம்" என்பதோடு நின்றிருக்கும். முன்பின் தெரியாதவர் பதில் போடுகிற மாதிரி எப்படி எழுதுவது என்பதுதான் இங்கே நான் சொல்லப்போவது.

எங்கள் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் செவ்வாய்க்கிழமை "ஹாய் மேம்" என்றான். புதன்கிழமை "சொல்லுங்க" என்றேன். வியாழக்கிழமை "ஹவ் ஆர் யூ மேம்". அதற்கு நான் என்ன சொல்வது, நல்லா இருக்கேன் என்றேன். அடுத்த திங்கட்கிழமைதான் "எனி வேக்கன்சி?" வந்தது. மூன்று வரிக்கு ஒரு வாரம்.

அதே வாரம் அவன் அம்மா மீன்காரியிடம் நிற்கும்போது என் அம்மாவிடம் கேட்டது இது: "ஒங்க மோளுகிட்ட ஒரு வார்த்த சொல்லணும் கேட்டியளா. பய டெஸ்டிங் கோர்ஸ் முடிச்சு மூணு மாசமாச்சு. திருவனந்தரம் பக்கம் எங்கேண்ணாலும் போவான். அவன் பயோடேட்டாவப் பாத்து என்ன கொறைண்ணு மட்டும் சொன்னா போதும்."

யார், என்ன படித்தான், எங்கே போகத் தயார், என்னிடமிருந்து என்ன வேண்டும், எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டது. பி.இ. படித்த மகனுக்கு வராதது மீன்கூடைக்கு முன்னால் நின்ற அம்மாவுக்கு வந்திருக்கிறது. முன்பின் தெரியாதவருக்கு மெசேஜ் எழுத உட்கார்ந்தால், உங்கள் அம்மா உங்களுக்காக எப்படிக் கேட்பாள் என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதினால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி, கேட்பதன் அளவு. பாறசாலையில் ரயில் கிளம்பி நெய்யாற்றின்கரையில் நிற்பதற்குள் நான் எழுதி முடிக்கக்கூடிய பதிலாக இருக்கவேண்டும். "வேலை வாங்கித் தாங்க" என்பதற்கு அந்த நேரத்தில் பதில் கிடையாது, எந்த நேரத்திலும் கிடையாது. "செலீனியம் மட்டும் தெரிந்தால் போதுமா, ஏபிஐ டெஸ்டிங்கும் படிக்கணுமா?" என்பதற்கு உண்டு (முன்னது வெப்சைட்டைச் சோதிக்கும் டூல், பின்னது சாஃப்ட்வேர்கள் ஒன்றோடொன்று பேசும் இடத்தைச் சோதிப்பது). "உங்க கம்பெனி சைட்டில் இந்த வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறேன், ரெஃபர் பண்ண முடியுமா?" என்பதற்கும் உண்டு, வேலையின் எண்ணையும் ரெஸ்யூமையும் கூடவே வைத்தால். ரெஸ்யூமை பிடிஎஃப் ஆக, உங்கள் பெயரையே ஃபைலுக்குப் பெயராக வைத்து அனுப்புங்கள். 'ஃபைனல் நியூ 3' என்று பெயர் வைத்த ஃபைலை நான் யாருக்கு ஃபார்வர்டு செய்ய?

இனி, கதவு எப்படித் திறக்கிறது என்பது. கனெக்‌ஷனில் இல்லாதவருக்கு, அதாவது லிங்க்ட்இனில் உங்களோடு இணையாதவருக்கு, நேரடியாக மெசேஜ் போட லிங்க்ட்இன் பொதுவாக விடாது. இன்வைட் அனுப்பும்போது 'ஆட் எ நோட்' என்று கேட்கும், அங்கேதான் முதல் வார்த்தை. இலவசக் கணக்குக்கு அதில் 200 எழுத்துதான், அதுவும் மாதத்துக்குச் சிலருக்கு மட்டுமே எழுதலாம். கண்டவருக்கெல்லாம் நோட் எழுதி வீணாக்காமல் உண்மையில் பேசவேண்டியவருக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பையன் மற்றவர்களுக்கு அனுப்ப நான் போட்டுக்கொடுத்த நோட் தமிழில் இப்படி வரும்: "குழித்துறைக்காரன், இந்த வருடம் பி.இ. முடித்தேன், டெஸ்டிங் கற்றிருக்கிறேன். ஏபிஐ டெஸ்டிங் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அதில் ஒரு சந்தேகம் கேட்கலாமா?" படித்தேன் என்று எழுதினால் படித்திருக்கவேண்டும், மக்களே. நானாக இருந்தால் திருப்பிக் கேட்பேன்.

அவசரப்பட்டு இன்வைட்டைத் திரும்ப வாங்கினால் அதே ஆளுக்கு மூன்று வாரம்வரை மறுபடி அனுப்ப முடியாது. இருவரும் ஒரே குரூப்பில் இருந்தால் கனெக்‌ஷன் இல்லாமலே மெசேஜ் கோரிக்கை அனுப்பலாம், இந்த வழி பலருக்குத் தெரிவதில்லை. இணையாதவருக்கும் நேரடியாக மெசேஜ் போடும் இன்மெயில் காசு கட்டுகிறவர்களுக்கு. வேலை தேடத் தொடங்கும்போதே அதற்குக் காசு கட்டவேண்டாம் என்பதுதான் என் எண்ணம்.

எப்படி விளிப்பது என்பது எங்கள் எல்லைப் பக்கத்தில் தனிக் குழப்பம். ஊரில் எல்லாரும் சார், மேடம். ஆபீஸில் சீனியரை மலையாளத்தில் சேட்டா (அண்ணா), சேச்சி (அக்கா) என்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து பேசுகிறவர் பெயரைச் சொல் என்கிறார். ஐடி கம்பெனிக்காரர் என்றால் பெயரையே எழுதுங்கள், யாரும் கோபிப்பதில்லை. பேராசிரியர், அரசு நிறுவனத்தில் இருப்பவர், ஆலையில் தலை நரைத்தவர் என்றால் சார். சேட்டா என்பதை ஒருமுறை நேரில் பார்த்துப் பேசிய பிறகு வைத்துக்கொள்ளலாம். பெண்களுக்கு 'டியர்' வேண்டவே வேண்டாம். அப்படித் தொடங்கும் மெசேஜில் இரண்டாவது வரியை நான் படித்ததில்லை.

பெயரைத் தப்பாக எழுதிவிட்டால் பதறவேண்டாம், அனுப்பிய 60 நிமிடத்துக்குள் திருத்தலாம், அழிக்கலாம். மெசேஜின் கீழே அவருடைய குட்டிப் படம் வந்தால் பார்த்துவிட்டார் என்று அர்த்தம். பார்த்தும் பதில் இல்லையே என்று மனம் கனக்கிறவர்கள் செட்டிங்கில் அதை அணைத்துவிடலாம், அதன் பிறகு நீங்கள் பார்த்ததும் அவருக்குத் தெரியாது. வாய்ஸ் மெசேஜ் ஒரு நிமிடம்வரை போகும். நெரிசல் ரயிலில் நிற்கிறவளுக்கு அதை அனுப்பாதீர்கள்.

கொஞ்சம் நின்று சொல்லவேண்டியது ஒன்று உண்டு. என் சித்தி மகள் நர்ஸ். போன வருடம் அவளுக்கு இந்த இன்பாக்ஸில்தான் ஒரு மெசேஜ் வந்தது, கல்ஃப் ஆஸ்பத்திரி, பெரிய சம்பளம், இன்டர்வியூ கிடையாது. இரண்டாவது மெசேஜிலேயே "வாட்ஸ்அப்புக்கு வாங்க", நான்காவதில் விசா ஃபைலுக்குப் பணம். அனுப்பியவரின் புரொஃபைல் தொடங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, கனெக்‌ஷன் இருபதுகூட இல்லை. அவள் நகையை அடகு வைக்கக் கிளம்பிய அன்றைக்கு என்னைக் கூப்பிட்டாள், பிழைத்தோம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் இந்திய அரசிடம் பதிவு செய்திருக்கவேண்டும், அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும். நர்ஸ்களுக்கு அரசு வழியே இருக்கிறது: இந்தப் பக்கம் தமிழ்நாடு அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், அந்தப் பக்கம் கேரள அரசின் நோர்க்கா ரூட்ஸ், ஒடெபெக். பணம் போய்விட்டதா, ஊர் என்ன சொல்லும் என்று யோசிக்காமல் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். மெசேஜை ரிப்போர்ட் செய்வதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள்.

எனக்கு 'அழகாக இருக்கிறீர்கள்' என்று எழுதுகிறவர்களும் உண்டு. கனெக்‌ஷனிலிருந்து எடுத்துவிட்டால் அந்த ஆளுக்கு அறிவிப்பு எதுவும் போகாது. சத்தமில்லாமல் செய்துவிட்டு வேலையைப் பார்க்கிறேன்.

பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒரே ஒருமுறை, அதே மெசேஜின் கீழேயே, "இன்னும் எனக்கு இது தெரியவேண்டியிருக்கிறது" என்று ஒரு வரி. அதற்கும் பதில் இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள். பதில் வந்து அதன்படி செய்தீர்கள் என்றால் என்ன ஆனது என்று ஒரு வரி எழுதுங்கள். அந்தப் பையன் நான் சொன்னபடி ஏபிஐ டெஸ்டிங் படித்து முடித்துவிட்டு "முடிச்சிட்டேன் அக்கா" என்று அனுப்பினான். மேம் போய் அக்கா வந்திருந்தது. அன்றைக்கே அவன் ரெஸ்யூமை என் டீம் லீடிடம் கொடுத்தேன், இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அனுப்பும் நேரம் வேலை நாளில் காலை எட்டிலிருந்து பத்துக்குள் என்றால் எனக்கு வசதி. ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் வேண்டாம். ஆராதனைக்கு நடுவே ஃபோன் சத்தம் போட்டால் அம்மாவிடம் ஏச்சு வாங்குவது நான்.